ஊதா முத்திரை

காலை ஏழே முக்கால். வெளியே இன்னும் இருட்டு.
எமாயொகி ஆறு உறைந்து மூன்று வாரம் ஆகிறது.
மருத்துவமனை ஓட்டுநர் தாவெத்
ஐஸ் பெட்டியை மேசையில் வைத்துக் கையெழுத்துக் கேட்கிறார்.
‘விர்வே’ என்று எழுதுகிறேன். பேனா மை உறைந்து கீறுகிறது.

உள்ளே தைமஸ்.
ஐந்து மாதக் குழந்தையுடையது.
இதயத்தைத் தைக்கப் போனவர்கள்
வழியை மறைத்த இதைக் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள்.
பெயர் எனக்குச் சொல்லப்படாது. சீட்டில் 41 என்றிருக்கிறது.

கத்தரிக்கோலால் நறுக்குகிறேன்.
கரைசல் அரிசி கழுவிய தண்ணீராய்க் கலங்குகிறது.
அந்தக் கலங்கல் முழுக்கச் செல்கள்.
ஒவ்வொன்றின் உள்ளேயும்
நாற்பத்தொன்று முழுதாய் எழுதியிருக்கிறது:
நகம், பித்தநீர், இன்னும் முளைக்காத பல்.
இவை எதுவும் பல்லாகப் போவதில்லை.
அந்தப் பக்கங்கள் மூடியாயிற்று.

என் அம்மா லெய்தா இதே தார்த்து நகரில் நூலகத்தில் இருந்தாள்.
மாஸ்கோவின் காலம்.
எரித்தது போக மிஞ்சிய புத்தகங்களுக்கு
ஒரு ஊதா முத்திரை.
எழுத்து ஒன்றுகூட அழியாது.
முத்திரை விழுந்தது பின்னறைக்குப் போகும்.
சாவி அவள் இடுப்பில்.
படிக்க அவளுக்கும் அனுமதியில்லை.

ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்.
மெத்தில் என்று நாங்கள் சொல்வது அவ்வளவுதான்.
டி.என்.ஏ.வில் அது ஒட்டிய இடத்தை
இழை சுருட்டி வைத்துக்கொள்கிறது.
வாசிக்க வந்தவன் வாசலோடு திரும்புகிறான்.

ஒரு செல் டி-செல் ஆவதற்கு
ஒரு மரபணு திறந்தாக வேண்டும்.
தாய் தந்த பிரதி திங்களன்று திறந்தால்
தந்தை தந்தது வெள்ளி வரை தயங்கும்.
சிலவற்றில் நேர்மாறு.
ஒரே கிண்ணம், ஒரே உணவு, ஒரே சூடு.
ஏன் என்று கேட்டு
எங்கள் ஆய்வகத்தில் இருவர் தலை நரைத்தாயிற்று.
அதில் ஒன்று என் தலை.

தைமஸின் நடுவில் வேறொரு கூட்டம்.
பைத்தியம் பிடித்த நூலகர்கள்.
எல்லாப் பூட்டையும் உடைத்து
உடம்பின் தூரத்துப் பக்கங்களை உரக்கப் படிப்பார்கள்:
கண்வில்லை! இன்சுலின்! உமிழ்நீர்!
அதைக் கேட்டுக் கடிக்கப் பாய்கிற இளம் செல்
பெரும்பாலும் அங்கேயே சாகும்.
நூறில் இரண்டோ மூன்றோதான் ரத்தத்துக்குப் போகும்.
திறந்து காட்டியதெல்லாம் அதற்காகத்தான்.
அம்மாவிடமும் சிலர் புத்தகம் கேட்டு வந்தார்களாம்.
யார் கேட்டார் என்று எழுதிக்கொள்ள
இன்னொரு பதிவேடு இருந்ததாம்.

எண்பத்தெட்டில் அறையைத் திறக்கச் சொன்னார்கள்.
முத்திரை அழியவில்லை.
அதன் மேல் ‘ரத்து’ என்று இன்னொன்று குத்தினாள்.
அதன்பிறகு வீட்டில் எந்த அலமாரியையும் அவள் சாத்தியதில்லை.
அப்பா நெற்றியில் எப்போதும் ஒரு வீக்கம்.

காய்ச்சலோடு ஒருமுறை மோதிய செல்லும் அப்படித்தான்.
சண்டை முடிந்தாலும்
கதவிடுக்கில் ஒரு செருப்பைச் செருகிவிட்டுத் தூங்கும்.
பத்து வருடம் கழித்து அதே கிருமி வந்தால்
தாழ்ப்பாள் தேட வேண்டியதில்லை.

மூன்றரை மணிக்கு மறுபடி இருட்டு.
எண்ணி முடித்தேன், உறைபெட்டியில் வைத்தேன்.
நாற்பத்தொன்றின் நெஞ்சுக்குள்
ஒரு கம்புமணி அளவாவது விட்டு வைத்திருக்கிறார்களா?
கேட்கக் கூடாது. விதி.

காலிப் பெட்டிக்குத் தாவெத் வந்தார்.
பூட்ஸ் பனியைத் தட்டியபடி, நான் கேட்காமலே சொன்னார்:
மூன்றாம் மாடி நடைக்கூடத்தில் ஒரு பெண்,
காலையில் பார்த்த அதே நாற்காலியில்,
சிவப்புக் கம்பளியில் சின்னக் கையுறை பின்னுகிறாளாம்.
ஒன்று முடிந்து மடியில் கிடக்கிறது.
மற்றது
கட்டைவிரல் வரை வந்திருக்கிறது.